சங்கிலி ஜெபத்தில் என் முறை

11 ஜூன் 1968, செவ்வாய்

கருட சேவைக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. பிள்ளையார்பாளையம் போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. லோகாம்பாள் அம்மா தறிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு, "எங்க சாமி ஊர்கோலம் போனா உனக்கு ஏன் லேட்டாவுது சாலம்மா?" என்றார். என் பெயர் சலோமி. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து இப்போது எப்படிச் சொல்வது?

இன்று தறிக்குப் புதுப் பாவு, நீளவாட்டு இழைகள். அறுத்த பழைய பாவின் மிச்சம் தறியிலேயே இருக்கும். அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழை ஒன்றை வைத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு நான் கற்றுக்கொண்ட வேலை இது ஒன்றுதான். யாரோடும் பேசாமல் செய்யலாம். அதனால் பிடிக்கும்.

"விரல்ல வெச்சிக்கிற சாம்பல நெத்தியில வெச்சிக்கினா உன் வேதம் ஓடிப்பூடுமா?" இதையும் லோகாம்பாள் அம்மாதான் கேட்டார். வாரம் ஒருமுறையாவது கேட்பார். நான் சிரிப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அரை டம்ளர் கஞ்சி குடித்தாளாம்.

13 ஜூன், வியாழன்

அம்மா இருமித் துப்பிய கிண்ணத்தில் மறுபடி ரத்தம். நைனா வாலாஜாபாத் மில்லுக்கு மூட்டை தூக்கப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், சாயங்காலமே திரும்பக் கூட்டி வந்துவிட்டார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். சாப்பிடச் சொன்னார் என்றார். எதை என்று கேட்கவில்லை.

16 ஜூன், ஞாயிறு

அம்மா இல்லாமல் கோயிலுக்குப் போனேன். பெண்கள் பக்கத்துப் பாயில் அவள் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அம்மா பாடினால் முன் வரிசை திரும்பிப் பார்க்கும். அத்தனை சத்தம், சுதியும் சேராது. நான் அவள் பக்கத்தில் வாயை மட்டும் அசைப்பேன். அவள் சத்தத்தில் நான் பாடாதது யாருக்கும் தெரியாது. இன்று தெரிந்திருக்கும்.

ஆராதனை ஆத்துமாவுக்குச் சோறு, அது இல்லாவிட்டால் ஆத்துமா வளராது என்று போதகர் ஐயா பிரசங்கம் செய்தார். அப்படியென்றால் பதினாறு வருடமாக நான் அம்மாவின் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் ஓர் அறிவிப்பு. புதன்கிழமை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் அம்மாவுக்காகச் சங்கிலி ஜெபம். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் விடாமல் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஆமென் சொன்ன பிறகுதான் அடுத்தவர் தொடங்குவார். சங்கிலி அறக்கூடாது என்பார்கள். மற்றவர் வீட்டில் நடந்தால் யாருடைய குழந்தையையாவது தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். எங்கள் வீட்டிலேயே நடந்தால்?

18 ஜூன்

என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன். நான்கே வரி. பிணைக்கும்போது ஒவ்வோர் இழைக்கும் ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தேன். வருகிறது.

19 ஜூன், புதன்

வரவில்லை.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம். அம்மாவை நடுவில் படுக்க வைக்கலாம் என்றார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்து, தானும் வட்டத்தில் ஓர் ஆளாகத்தான் இருப்பேன் என்று கையால் காட்டினாள். நைனா, அடுத்தது படுத்தபடியே அம்மா, அவள் தலைமாட்டில் நான், எனக்கு அடுத்தது அம்மாவின் அக்கா எல்லம்மாள் பெரியம்மா. எல்லோரும் சுகம் கேட்டார்கள். "இவள எனக்கே உட்டுடு ஆண்டவரே" என்று நைனா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு அம்மாவின் முறை. "ஸ்தோத்திரம். ஆமென்." அவ்வளவுதான் சொன்னாள். அதற்கே மூச்சு வாங்கியது.

என் முறை.

வாயைத் திறந்தேன். நான்கு வரியில் ஒன்றுகூட இல்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டு மில் சங்கு ஊதுகிற மாதிரி ஒரே இரைச்சல். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன்? தெரியாது. இரைச்சல் ஓய்ந்தபோது பெரியம்மா ஜெபித்துக்கொண்டிருந்தாள். என்னை விட்டுத் தாண்டிப் போய்விட்டார்கள்.

எல்லோருக்கும் காபி கொடுத்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

22 ஜூன், சனி

அம்மா இன்று விடியும்போது போய்விட்டாள்.

24 ஜூன், திங்கள்

நேற்று அடக்கம். திரும்பி வந்ததும் வாசலில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "பதினோரு பேரு உருகி ஜெபிச்சோம். ஆண்டவர் சித்தம் வேற மாரி இருக்குது, என்னா பண்றது" என்றாள் ஒருத்தி.

பதினோரு பேர். நாங்கள் உட்கார்ந்தது பன்னிரண்டு பேர்.

29 ஜூன், சனி

பிணைக்கும்போது ஓர் இழை விட்டுப்போனால் நெய்கிற பட்டுப் புடவையில் அந்த இடத்தில் கோடு விழும். தலைப்பிலிருந்து கடைசி வரைக்கும் கூடவே வரும். வேலைக்குச் சேர்ந்த அன்றே தறிக்காரர் தணிகாசல முதலியார் இதைச் சொல்லித்தான் பயமுறுத்தினார். அவர் சொன்னது பட்டுக்கு மட்டும்தானா?

7 ஜூலை, ஞாயிறு

நைனா கோயிலுக்கு வரவில்லை. போன வாரமும் வரவில்லை. பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முடியாது என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பாய். அம்மாவின் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு?

17 ஜூலை, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது.

ஜெபத்தன்று வார்த்தை வராதது கூச்சத்தால் மட்டும் இல்லை. எல்லாரும் சுகம் குடு சுகம் குடுன்னு கேட்டுக்கினு இருந்தாங்க. எனக்குள்ள வேற ஒண்ணு ஓடிக்கினு இருந்துச்சி. அவ முதுக தடவனது நானு. கிண்ணத்தக் கழுவனது நானு. அந்த மூச்சு இழுக்கிற சத்தத்தக் கேட்டுக்கினே படுத்துங்கெடந்தது நானு. போதும் ஆண்டவரே, எடுத்துக்கோன்னுதான் இருந்துச்சி. அத எப்பிடி வாய்விட்டு சொல்றது, நைனா அப்பதான் எனக்கே உட்டுடுன்னு அழுதுட்டு மூக்கத் தொடச்சிக்கினு இருக்காரு. வேற எதயாச்சும் சொன்னா பொய். அதனால ஒண்ணும் சொல்லல.

மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டார்.

நான் வாய் திறக்காமல் சங்கிலியை அறுத்ததாலா? மனசுக்குள் அப்படி நினைத்ததாலா? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நான்தான்.

18 ஜூலை

நேற்று எழுதியதைக் கிழித்துப் போட எடுத்தேன். கிழிக்கவில்லை. எழுதினதுதான் ஒரே ஜெபம் மாதிரி இருக்கிறது. இது ஜெபமா?

28 ஜூலை, ஞாயிறு

கோயில். வாய் அசைத்தேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

கோயில். அசைக்கவும் இல்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

முதலியார் கூப்பிட்டார். நான் பிணைத்த பாவில் மூன்று இழைகள் விட்டுப்போயிருக்கின்றன. திட்டினார், நன்றாகவே திட்டினார். "தூங்கிக்கினு பிணைச்சியா?" பிறகு நூல் சுற்றிய கதிரிலிருந்து மூன்று உதிரி இழைகளை எடுத்து, விட்டுப்போன இடத்தில் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் நுழைத்து, தொய்யாமல் இருக்கத் தறிக்குப் பின்னால் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நெய்ய உட்கார்ந்துவிட்டார். நான் அங்கேயே நின்றேன். "இன்னும் என்னா நிக்கற? உட்டது உட்டுச்சி. அதுக்குன்னு முழுப் பாவையும் அறுத்துப் போடச் சொல்றியா?" என்றார்.

எனக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. இரண்டு வருடம் அந்தக் கோட்டுக்குப் பயந்து செத்தேன்.

ஆனால் செத்துப்போனவளுக்கு எங்கே கல் கட்டித் தொங்கவிடுவது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

நைனா இன்று கேட்டார். பவுடர் பூசிக்கொண்டிருந்தேன். "யாருக்குப் போயி பாடற?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பாடுவதில்லை என்று அவருக்குத் தெரியாது.

பவுடர் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். தெரு முனை திரும்பும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்குப் போகிறேன்? ஆசை இல்லை. நம்பிக்கை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் தெரியாது என்பேன். பெரியம்மா இழுப்பதால் என்று சொல்லலாம். ஆனால் இன்று அவளுக்குக் கால்வலி, வரவில்லை. நான் தனியாகத்தான் போனேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

ஒன்று நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை.

பாவ அறிக்கையை எல்லோரும் முழங்காலில் நின்று ஒன்றாகச் சொல்வோம். அச்சடித்த வார்த்தை, எல்லோருக்கும் ஒரே வார்த்தை. நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயசைப்பு இல்லை, சத்தமாகவே. பாதியில்தான் தெரிந்தது. இத்தனை பேர் நடுவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் சொல்ல முடிந்திருக்கிறது. என்ன பாவம் என்று யாரும் பெயர் கேட்பதில்லை. பக்கத்திலிருந்த கிழவியும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். அவள் என்ன செய்திருப்பாள்?

தெரிந்ததும் நின்றுபோனது. ஆனால் பாதி வரை வந்தது.

8 செப்டம்பர், ஞாயிறு

பாவ அறிக்கை முழுசும் சொன்னேன். மனசு லேசாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

டிசம்பரில் பிஷப் வருகிறார், திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் கொடுங்கள் என்றார் போதகர் ஐயா. திடப்படுத்தின பிறகுதான் நற்கருணை கிடைக்கும். வெளியே வரும்போது என்னை நிறுத்தி, "உங்கம்மா அன்னம்மாளுக்கு இது ஆசை, தெரியுமாம்மா?" என்றார். தெரியும். அன்று நான் உடுத்த வெள்ளைப் புடவை தன்னுடையதே போதும் என்று மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அம்மா சாகட்டும் என்று நினைத்தவள் அவளுடைய வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் நிற்கவா?

பெயர் கொடுக்கவில்லை.

13 அக்டோபர்

பாவ அறிக்கை சொல்கிறேன். பாட்டில் வாய் அசைக்கிறேன். ஆசீர்வாதத்துக்குத் தலை குனிகிறேன். வருகிறேன். வளர்கிற மாதிரி எதுவும் தெரியவில்லை.

25 அக்டோபர், வெள்ளி

மழை. நைனாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தேன். குப்புறப் படுத்துக்கொண்டே, "அவ சுதியே சேராம கத்துவா இல்ல?" என்றார். நான் ஆமாம் என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு அவர் முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டு திரும்பவே இல்லை.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். மத்தியானமே போய்விட்டோம். நைனா புல்லைச் செதுக்கினார், நான் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பெரியம்மா சாமந்தி வாங்கி வந்தாள். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்களிடம் தன் தங்கையின் கதையை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நைனா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அப்போது இதைச் சொன்னாள். சிரித்துக்கொண்டே, என்னைக் காட்டி:

"இந்தப் பொண்ணு இருக்குதே, செபத்துல அது மொற வந்துச்சி, வாயே தொறக்கல. நான் ஒத்தக் கண்ணத் தொறந்து பாக்கறேன், செல மாரி ஒக்காந்துங்கீது. அது முடிக்காம நான் எப்பிடிம்மா ஆரம்பிக்கிறது? பாத்தா, என் தங்கச்சி ஆமென்னு சொல்றா. பொண்ணு ஒண்ணுமே சொல்லல, ஆத்தாக்காரி ஆமென் போட்றா. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. அடக்கிக்கினு ஆரம்பிச்சேன்."

சுண்ணாம்பு மட்டை என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"அம்மாவா?" என்றேன். சத்தம் வந்ததா என்று தெரியாது.

"பின்ன நானா? கண்ணு உன் மேலதான் இருந்துச்சி. ஏன், நீ கேக்கல?"

நான் கேட்கவில்லை. எனக்குக் காது அடைத்திருந்தது.

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். நைனாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

3 நவம்பர், ஞாயிறு

தன் முறைக்கு ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை சொன்னதற்கே மூச்சு வாங்கியவள். அதன் பிறகும் ஓர் ஆமென் மிச்சம் வைத்திருந்து என் முறைக்குச் சொல்லியிருக்கிறாள்.

என்னைத் தாண்டிப் போகவில்லை. சங்கிலி அறவில்லை.

ஆனால் எதுக்கு ஆமென் சொன்ன? நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. சும்மா என்ன விடுவிக்கத்தான் சொன்னியா, பாவம் பொண்ணு திணறுதேன்னு? இல்ல எனக்குள்ள ஓடினது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? தெரிஞ்சிதான் ஆமென்னு சொன்னியா? கண்ணு உன் மேலதான் இருந்துச்சின்னு பெரிம்மா சொல்றா. ஆமென்னா அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். உனக்கும் போதும்னு இருந்துச்சா?

இனி யாரிடம் கேட்பது?

இன்று கோயிலில் ஆமென் வருகிற இடங்களை எண்ணிப் பார்த்தேன். நிறைய. இத்தனை நாளும் ஜெபிக்கிறவர்தான் ஜெபிக்கிறார், ஆமென் என்பது முடிந்துவிட்டது என்று சொல்லும் மணி என்று நினைத்திருந்தேன். ஒவ்வோர் இடத்திலும் சொன்னேன். மெதுவாகத்தான்.

அழுகை நிற்கவில்லை. ஜூனிலிருந்து அழாதது எல்லாம் வந்துவிட்டது போல. குடையால் மறைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

10 நவம்பர், ஞாயிறு

தெரிந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அவள் கிண்ணம்தான் ஞாபகம் வருகிறது. நான் நினைத்தது நினைத்ததுதான்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபம் வைக்கலாமா என்று பெரியம்மா நைனாவைக் கேட்டாள். அவர் ஐந்து மாதமாக எந்த ஜெபத்துக்கும் போகவில்லை. "பாய் கிழிஞ்சிக்கீது" என்றார். அது வேண்டாம் என்றா, பாய் வாங்க வேண்டும் என்றா?

16 நவம்பர், சனி

நைனா வாலாஜாபாத் சந்தையிலிருந்து பாய் வாங்கி வந்தார்.

20 நவம்பர், புதன்

ஒன்பது பேர். அம்மா படுத்திருந்த இடத்தைத் தள்ளியே எல்லோரும் உட்கார்ந்தார்கள். நைனா, அவருக்கு அடுத்தது நான், எனக்கு அடுத்தது பெரியம்மா. நைனாவுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் இருந்தது. போதகர் ஐயா ஆரம்பித்து வட்டம் சுற்றி வந்தது. இந்த முறை எதையும் மனப்பாடம் செய்யவில்லை.

நைனாவின் முறை வந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள். யாரோ இருமினார்கள். அவருக்குள் என்ன ஓடியது? அன்றைக்கு எனக்கே உட்டுடு என்று கேட்டார், விடவில்லை. அதற்குப் பிறகு என்ன கேட்பது என்று இருக்கலாம். வசவாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் என்னைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருக்குமோ?

"ஆமென்" என்றேன்.

வீடு முழுக்கக் கேட்டது. என் குரல் இவ்வளவு கட்டையா? நைனா நிமிர்ந்தார்.

இனி என் முறை. அதை நான் யோசிக்கவே இல்லை. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் இன்று காது அடைக்கவில்லை. சுவர்க் கடிகாரம் கேட்டது, பெரியம்மா வெற்றிலை மெல்வது கேட்டது. அம்மா என்று மட்டும் உள்ளே இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயமாக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பக்கத்தில் நைனா தொண்டையைக் கனைத்தார்.

"ஆமென்" என்றார்.

பெரியம்மா தொடங்கிவிட்டாள்.

காபி கொடுக்கும்போது என் காதருகில், "அப்பனும் பொண்ணும் ஒரு வார்த்த செபம் பண்ணல. ரெண்டு ஆமென். நல்ல குடும்பம்மா இது" என்றாள்.

21 நவம்பர், வியாழன்

மில்லுக்குக் கிளம்பும்போது, அடுத்த புதன் யார் வீட்டில் என்று நைனா கேட்டார். பெரியம்மா வீட்டில் என்றேன். "ஆறு மணிக்கா?" என்றார். ஆறு மணிக்கு.